பன்னிரண்டு வோல்ட்

ஜூன் மாதத்து இடவப்பாதி மழை பிடித்துப் பத்து நாள் ஆகியிருந்தது. செங்கல் ஊர்ப் பக்கத்து வயலோரத் தென்னையில் இடி விழுந்த செவ்வாய்க்கிழமை மத்தியானம், சாராம்மா உதியன்குளங்கரை சிப்ஸ் கடையின் பின்பக்கம் நின்று, கொதிக்கிற எண்ணெய்க்கு நேர் மேலே ஏத்தங்காய் என்ற நேந்திரங்காயைச் சீவிக்கொண்டிருந்தாள். இடிச் சத்தம் கேட்டதும் கை நின்றது. காலையில் புறப்படும்போது லேப்டாப்பைச் சார்ஜில் போட்டுவிட்டு வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

கடைக்காரரிடம் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு, காய்க்கறை படிந்த கையைக் கழுவக்கூட நிற்காமல் பஸ் ஏறினாள். வீட்டு வாசலில் மகள் ஷெமி நின்றிருந்தாள். மழை என்று அன்று கல்லூரிக்கு லீவு.

"அம்மா, சார்ஜரு கருகி மணக்குது. நான் ஓடிப்போய் பிளக்க உருவதுக்கு முன்னயே டப்புன்னு ஒரு சத்தம்."

"லேப்டாப்பு?"

ஷெமிக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது.

"அமுக்கிப் பாத்தியா பிள்ளே?"

"ஒக்க பாத்தாச்சும்மா. லைட்டே வரல்ல."

வேறு வீடாக இருந்தால் ஒரு பழைய லேப்டாப் போனது என்று விட்டிருப்பார்கள். சாராம்மாவின் வீட்டில் மகனோடு பேசுவதற்கு இருந்த ஒரே வழி அது.

மகன் அனூப் ஜனவரியில் தாய்லாந்துக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று போனவன். விமான நிலையத்திலிருந்து காரில் ஏற்றி, இரவோடு இரவாக ஓர் ஆற்றைக் கடத்தி, வேறொரு நாட்டில் மதில் கட்டிய ஒரு கட்டடத்துக்குள் கொண்டுவிட்டார்கள். பாஸ்போர்ட்டும் ஃபோனும் பிடுங்கப்பட்டன. பெண் பெயரில் முன்பின் தெரியாத ஆட்களோடு பேசிப் பழகி ஏமாற்றுவது அங்கே வேலை. செய்யாவிட்டால் அடி. மார்ச்சில் யாருடைய ஃபோனிலிருந்தோ நாற்பது வினாடி பேசினான். அழவில்லை. மனப்பாடம் செய்துவைத்த பாடம் போலச் சொன்னான்.

"அம்மா, வீட்டு லேப்டாப்புல எனக்க மெயில் தொறந்தபடி கெடக்கும். அத மூடிராதீங்க. நான் அதுல எளுதுவேன், அனுப்ப மாட்டேன். அனுப்பினா இவனுவளுக்குத் தெரியும். நீங்க வாசிச்சிற்று அடியில கண்டாச்சுன்னு எளுதுங்க. நான் வந்து அழிச்சிருவேன்."

அதன்பிறகு வாரம் இரண்டு தடவையோ மூன்று தடவையோ, அனுப்பாத அந்தக் கடிதங்களின் பெட்டியில் நான்கு வரி வரும். இங்கிலீஷ் எழுத்தில் வீட்டுப் பேச்சு. சாராம்மா 'கண்டாச்சு' என்று அடித்து வைப்பாள். மறுநாள் பெட்டி காலியாக இருக்கும். அந்தக் காலியைப் பார்த்தால் பையன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். மெயிலின் பாஸ்வேர்டு வீட்டில் யாருக்கும் தெரியாது. வேறு கம்ப்யூட்டரில் திறக்கப் போனால் அவனுடைய ஃபோனுக்கு எண் போகும். அந்த ஃபோன் எவன் கையில் இருக்கிறதோ. அவன் அங்கே எழுதுவது, ஃபோனைப் பிடுங்குமுன் ஒரு தடவை மெயிலைத் திறந்துவைத்த கம்ப்யூட்டரில்.

திங்கட்கிழமை எழுதியிருந்தான்: ஞாயிறுக்குள்ள எங்கள வேற எடத்துக்கு மாத்துவானுவ போல. இந்த எடத்துக்க பேரு ஒருத்தன் சொல்லாம்னு சொல்லியிருக்கான். எளுதி வைக்கேன். தெனமும் பாருங்கம்மா.

திருவனந்தபுரத்து சர்க்கார் ஆபீசில் பிந்துஜா என்ற அதிகாரி அந்தப் பெயருக்காகத்தான் காத்திருந்தாள். இடம் தெரிந்தால் அந்த நாட்டு ஆட்களை அனுப்ப வழி உண்டு, தெரியாவிட்டால் மதில் மதிலாகத் தேட முடியாது என்று அவள் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

புதன்கிழமை காலையில் கணவன் வேதமணியின் ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குப் போனார்கள். பஸ் நிலையத்துக்குப் பின்னால் கிருஷ்ணன்குட்டியின் லேப்டாப் கடை. அவன் பின்மூடியைக் கழற்றி, மீட்டரை இரண்டு இடத்தில் வைத்தான். மீட்டர் இடைவிடாமல் கூவியது.

"சேச்சீ, போர்டு அடிச்சுபோயி. வேற போர்டு போட்டா ஓடும்."

"அப்பம் உள்ள இருக்கதெல்லாம்?"

"அது போகும். வெல கொறஞ்ச மாடலாக்கும் இது. மத்ததுல மெமரிய தனியா ஊரி எடுக்கலாம். இதுல போர்டுலயே ஒட்டி வச்சிருக்கான்." சின்னக் கறுப்புச் சதுரம் ஒன்றைத் திருப்புளி முனையால் காட்டினான். "பெங்களூருக்கு அனுப்பினா நோக்குவாங்க. மூணு ஆழ்ச்ச, மூணு வாரம் ஆகும்."

"ஞாயிறுக்குள்ள வேணும்."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். சாராம்மாவை அவனுக்குத் தெரியும். பனச்சமூட்டுப் பழைய சாமான் ஆக்கர்க் கடையில் செத்த போர்டுகளைக் கிலோவுக்கு வாங்கிக்கொண்டு போகிற பெண் என்று. பதினான்கு வருஷம் திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில் போர்டுக்கு ஈயம் வைக்கிற வேலை பார்த்தவள். கம்பெனி பூட்டியபிறகும் கை சும்மா இருக்கவில்லை. யூடியூப் பார்த்து, சிப்ஸ் கடை வேலை முடிந்த மிச்ச நேரத்தில், செத்த லேப்டாப் போர்டுகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். யாருக்காகவும் அல்ல. எங்கோ ஒரு மூலையில் சின்ன வெளிச்சம் வந்தால் அவளுக்கு அன்றைக்கு நல்ல உறக்கம் வரும். இதுவரை ஓடியவை ஒன்பது. அவள் கையாலேயே போனவை அதற்குமேல்.

"சேச்சி செய்யப் போறியளா?" என்றான் கிருஷ்ணன்குட்டி.

"நீங்க செய்யுங்க."

"நான் சூடு அடிச்சு அந்த மெமரி போயிட்டா?" அவன் கையைத் துடைத்தான். "எனக்குப் பேடியா இருக்கு. உள்ளது சொல்லலாமே."

அவன் பேடி என்றது பயத்தை. அவளுக்கு என்னவென்று சொல்ல வார்த்தை இல்லை. ஆனாலும் அவன் இதே மாடலின் உடைந்த போர்டு ஒன்றைத் தேடி எடுத்து, பழைய பேப்பரில் பொதிந்து அவள் மடியில் வைத்தான்.

வியாழக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் அனூப் படித்த மேசைதான் அவளுடைய பணிமேசை. கீழே ரப்பர் பாய், மேலே கண்ணில் இடுக்கிக்கொள்ளும் வாட்சுக்கடைக் கண்ணாடி, சூட்டுக்காற்று மெஷின், இரண்டு மீட்டர். போர்டை வெளியே எடுத்து வைத்தாள். உள்ளங்கை அளவு. அவன் பிறந்த அன்று நர்ஸ் துணியில் சுற்றிக் கொடுத்ததும் கையில் வாங்கப் பயந்தது நினைவுக்கு வந்தது. தலையை உதறிக்கொண்டாள்.

மீட்டரை வைத்தாள். பீ... என்றது. மின்சாரம் உள்ளே வருகிற முக்கிய வழி நேராக எர்த்தோடு ஒட்டி ஷார்ட்டாகிக் கிடந்தது. அந்த வழியில் மணல் பருக்கை போல நாற்பது கெப்பாசிட்டர். அதில் ஏதோ ஒன்று செத்துக்கிடக்கிறது. எது?

திண்ணமாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரத்தைச் செலுத்தினால் செத்தது மட்டும் சூடாகும். கூடுதலாகச் செலுத்திவிட்டால், செத்ததோடு உயிருள்ளதும் சேர்ந்து போகும்.

"எத்தன வோல்ட்டு?" என்று கேட்டான் வேதமணி. ஆட்டோ எடுக்காமல் அவனும் கதவோரம் நின்றிருந்தான்.

"ஒண்ணு."

"ஒண்ணுதானே. அதுக்கா இத்தன யோசன?"

"நீங்க அங்கோட்டுப் போங்க. நிழலடிக்குது."

அவன் போகவில்லை. ஓரடி விலகி நின்றான்.

அவள் போர்டின்மேல் ஸ்பிரிட்டைத் தடவினாள். ஷெமி டார்ச்சைப் பிடித்தாள். ஒரு வோல்ட். கெப்பாசிட்டர்களின் மேல் ஈரம் பளபளவென்று நின்றது. வெளியே மழை ஓட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. சார்ஜிங் சிப்புக்குப் பக்கத்தில், ஒரே ஓர் இடத்தில், ஈரம் வட்டமாக உலர ஆரம்பித்தது.

"அம்மா, அது!"

"கண்டேன். ஆட்டாத."

அந்தப் பருக்கையைச் சூடு காட்டி எடுத்தாள். மீட்டரை வைத்தாள். கூவல் நின்றது. ஷெமி கை தட்டப் போனவள், அம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மின்சாரம் உள்ளே நுழைகிற இடத்தில் காவல் நிற்கிற எட்டுக்கால் சிப்பும் போயிருந்தது. அதை மாற்ற வேண்டும். அதற்கு ஒரு விரல்கடை தூரத்தில் கிருஷ்ணன்குட்டி காட்டிய கறுப்புச் சதுரம்.

சூட்டுக்காற்று முந்நூற்றைம்பது டிகிரி. அந்தச் சதுரத்துக்குள்தான் மகனின் மெயில், மகனுடைய சொல், எல்லாம்.

"இன்னைக்கு வேண்டாம்," என்றாள். "கை சரியில்ல."

வேதமணி கஞ்சியும் பயறும் மரச்சீனிக் கிழங்கும் எடுத்து வைத்தான். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். யாருடைய தட்டும் காலியாகவில்லை.

"சாராம்மே," என்றான் அவன். "நாம அங்க 'கண்டாச்சு'ன்னு எளுதி மூணு நாளு ஆச்சு. அவன் எளுதினது ஒக்க அங்கயே அழியாம கெடக்குமில்லியா?"

செவ்வாய்க்கிழமையிலிருந்து அவள் நினைக்காமல் இருக்கப் பாடுபட்டது அதைத்தான்.

"அவனுக்க தோளுக்குப் பின்னால எவனாவது நின்னு பாத்தா..."

"நிறுத்துங்க அப்பா," என்றாள் ஷெமி.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மழை கொஞ்சம் விட்ட நேரம் பார்த்து உட்கார்ந்தாள். மெமரியின் மேலும் பக்கத்திலும் அலுமினிய டேப்பை மூன்று அடுக்காக ஒட்டினாள். அதன்மேல் ஈரத்துணி ஒரு துண்டு. கம்பெனியில் ஒரு நாளைக்கு நானூறு போர்டு பார்த்தவள்தான். அதில் ஒன்று போனால் குப்பையில் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்பார்கள். அடுத்தது இல்லாத ஒரு போர்டின் முன்னால் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை.

காற்றைக் கீழிறக்கினாள். ஈயம் மங்கலிலிருந்து மெல்ல மினுங்கியது. செத்த சிப்பை எடுத்தாள். கிருஷ்ணன்குட்டியின் போர்டிலிருந்து எடுத்ததை அந்த இடத்தில் வைத்தாள். சிப் தானாகவே நீந்தி இடத்தில் உட்காரும், உட்கார்ந்தது. அந்த நேரம் பார்த்து வானம் வெட்டியது. ஃபேன் சுற்றல் தளர்ந்து நின்றது. சூட்டுக்காற்று மெஷினின் இரைச்சலும் நின்றது.

"கரண்டு போச்சு," என்றான் வேதமணி, எல்லோருக்கும் தெரிந்ததைச் சொல்கிற மாதிரி.

கரண்ட் ஆபீசுக்கு ஃபோன் செய்து பார்த்தான். ரோட்டில் மரம் விழுந்து கம்பி அறுந்து கிடக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். நாளைக்குச் சனி. லேப்டாப்பின் பேட்டரியோ சொட்டுக்கூட இல்லாமல் கிடந்தது.

சாராம்மா கருகிய சார்ஜரைத் திருப்பி, பின்னால் எழுதியிருந்ததைப் படித்தாள். பன்னிரண்டு வோல்ட்.

"ஒங்க ஆட்டோவுக்கு பேட்டரி எத்தன?"

"பன்னெண்டு."

"கழத்திக்கொண்டு வாங்க. பழைய ஹெட்லைட்டு பல்பு ஒண்ணும் வேணும்."

பேட்டரியிலிருந்து நேராகக் கொடுக்க அவளுக்குத் தைரியம் இல்லை. எங்காவது தவறு இருந்தால் அது முழு பலத்தோடு பாய்ந்து போர்டைத் தின்றுவிடும். அதனால் வழியில் பல்பை வைத்தாள். போர்டு சரியாக இருந்தால் பல்பு ஒரு கணம் மினுங்கி அணையும். தவறு இருந்தால் பிரகாசமாக எரியும். "எரிஞ்சா ஒடனே வயர உருவணும். கேட்டியளா?" என்று வேதமணியின் கையில் வயரைக் கொடுத்தாள்.

தொட்டான். பல்பு பளீரென்று எரிந்து சாய்ப்பு முழுக்க வெளிச்சமானது.

"உருவுங்க!"

உருவினான். அவனுடைய கை காற்றில் அப்படியே நின்றது. ஷெமி சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

சாராம்மா கண்ணாடியை இடுக்கிக் குனிந்தாள். நெடுநேரம் பார்த்தாள். எட்டுக்காலில் இரண்டு காலுக்கு நடுவே முடி அளவுக்கு ஈயம் ஓடியிருந்தது. அவள் கைப்பிழை. அதை எடுக்க ஒரு சூடான முனை போதும். ஆனால் கரண்ட் இல்லை.

"அடுப்பப் பத்த வை பிள்ளே."

கம்பெனியிலிருந்து வரும்போது கொண்டுவந்த ஈயம் வைக்கிற பழைய தடித்த கோல் ஒன்று இருந்தது. அதன் செம்பு முனையை அரத்தால் ராவி ஊசியாக்கி, கேஸ் அடுப்பின் நீலத் தீயில் காட்டினாள். முனை நிறம் மாறியது. அடுக்களையிலிருந்து சாய்ப்புக்குப் பதினோரு அடி. வந்து சேர்வதற்குள் முதல்தடவை சூடு ஆறிவிட்டது. இரண்டாம் தடவை முனை தொட்டது, ஈயம் இளகவில்லை. மூன்றாம் தடவை வேதமணி அடுப்பையே சிலிண்டரோடு இழுத்துக்கொண்டு வந்து கதவருகில் வைத்தான்.

"கர்த்தாவே," என்றாள் சாராம்மா. ஜெபம் அதற்குமேல் வரவில்லை. முனையை வைத்து, நினைப்பதற்குள் இழுத்தாள். அந்த முடி முனையோடு வந்துவிட்டது.

மறுபடி வயர். மறுபடி பல்பு. அது சிவப்பாக ஒரு துடி துடித்து, தேய்ந்து, அணைந்தது. போர்டின் ஓரத்தில் கடுகளவு வெள்ளை வெளிச்சம்.

பல்பை எடுத்துவிட்டு நேராகக் கொடுத்தார்கள். திரையை மாட்டி, பட்டனை அமுக்கினாள். கறுப்பு. கறுப்பு. பிறகு கம்பெனிச் சின்னம். அதன் கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. ஏதோ சரிசெய்வதாகத் திரை சொன்னது. அது சுற்றிய ஏழு நிமிஷமும் சாராம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எல்லாம் அழிந்துபோய்ப் புதிதாகத் தொடங்குகிறதோ என்று அந்தப் புள்ளிகளையே பார்த்திருந்தாள்.

அனூப் வைத்திருந்த படம் வந்தது. பூவார் கடற்கரையில் தங்கச்சியைத் தண்ணீருக்குள் தள்ளுகிற படம்.

ஷெமி தன் ஃபோனிலிருந்து நெட் கொடுத்தாள். மெயில் திறந்தது. திறந்தபடியேதான் இருந்தது. பெட்டியில் நான்கு.

செவ்வாய்: அம்மா கண்டியளா.

புதன்: ஆத்துக்கு இந்தப் பக்கம் நீல மேல்கூர உள்ள மூணு மாடி. முன்னால பெட்ரோல் பம்பு. அதற்குக் கீழே ஓர் ஊரின் பெயர், ஒரு கம்பெனியின் பெயர், இங்கிலீஷில்.

வியாழன்: ஏன் எளுதல்ல. பேடியா இருக்கு.

வெள்ளி, அன்றைய தேதி: இதயெல்லாம் அழிக்கணும். நீங்க கண்டியளான்னு தெரியாம எப்பிடி அழிக்க.

ஷெமிதான் எல்லாவற்றையும் படம் பிடித்து பிந்துஜாவுக்கு அனுப்பினாள். அந்தப் பெண் உடனே கூப்பிட்டாள். "கிட்டி. ஞான் இப்பத்தன்னெ மேல அனுப்புந்நு. நிங்ஙள் ஒண்ணும் செய்யருது, ஆரோடும் பறயருது." கிடைத்தது, இப்போதே மேலே அனுப்புகிறேன், ஒன்றும் செய்ய வேண்டாம், யாரிடமும் சொல்ல வேண்டாம்.

ஆனால் 'கண்டாச்சு' என்று எழுதாமல் எப்படி இருப்பது? சாராம்மா கடைசிக் கடிதத்தின் அடியில் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். மூவரும் திரையின் முன்னால் உட்கார்ந்தார்கள். ஷெமி பக்கத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தாள். அரைமணி நேரம் கழித்து, ஆட்டோ பேட்டரி தாங்குமா என்று வேதமணி முணுமுணுத்துக்கொண்டிருக்கும்போது, அவள் சொல்லுக்குக் கீழே ஒரு வரி வந்தது.

நாலயும் அழிங்கம்மா. நான் இருக்க எடத்துல ஆளு நிக்கான். இனி எளுத மாட்டேன்.

நான்கு நாள் அவள் காப்பாற்றப் பாடுபட்டது அந்த வரிகளைத்தான். ஒன்றை அழித்தாள். அடுத்ததை அழித்தாள். 'பேடியா இருக்கு' என்பதன்மேல் வந்தபோது நின்றாள்.

"அழி சாராம்மே," என்றான் வேதமணி. "ஆளு நிக்கான்னு சொல்லுதானே. அழி."

அழித்தாள். கடைசியையும் அழித்தாள். பெட்டி காலியாக இருந்தது. இத்தனை நாள் அந்தக் காலியைப் பார்த்துத்தான் அவள் உறங்கப் போவாள். அன்றைக்கு அதைப் பார்க்கவே முடியவில்லை.

ஞாயிறு போயிற்று. பிந்துஜா ஃபோனை எடுத்து, அந்த நாட்டுப் போலீஸ் போயிருக்கிறது என்பதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வேதமணியின் ஃபோனுக்கு நீளமான ஒரு நம்பரிலிருந்து கூப்பிட்டார்கள். பட்டணத்துத் தமிழ் பேசுகிற ஒருவன், மரியாதையாகவே பேசினான். "பையன் நல்லா இருக்கான் சார். ஆபீஸ், போலீஸ்னு அலைஞ்சா அவனுக்குத்தான் கஷ்டம்." ஃபோனை வைத்தபிறகு வேதமணி வெளியே போய் ஆட்டோவின் பின்சீட்டில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். இனி அப்படி நம்பர் வந்தால் எடுக்கலாம், ஆனால் நீங்களாக எதுவும் பேசக்கூடாது என்று பிந்துஜா சொன்னாள். சாராம்மா சிப்ஸ் கடைக்குப் போனாள், வந்தாள். ஏத்தங்காய்க்குப் பதிலாக இரண்டு தடவை விரலைச் சீவிக்கொண்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து, மீன்கறிக்குத் தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தபோது ஃபோன் அடித்தது. மறுபடி நீளமான நம்பர். கடைசி எண்கள் வேறு. வேதமணி அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது.

"தாங்க இஞ்ச," என்றாள் சாராம்மா. ஈரக்கையோடு வாங்கிக் காதில் வைத்தாள். பேசவில்லை.

அந்தப் பக்கமும் பேச்சில்லை. யாரோ மூச்சு விட்டார்கள். எங்கோ தூரத்தில் வண்டி ஒன்று கடந்துபோனது. அவள் மூச்சு அங்கே கேட்டுவிடுமோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். அங்கேயும் ஒருவன் அதேபோல வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறான் என்று அவளுக்குத் தோன்றியது. இவள்தான் முதலில் பேச வேண்டும் என்று அவனும், அவன்தான் பேச வேண்டும் என்று இவளும்.

அந்தப் பக்கம் ஒரு இருமல். சின்னதாக, அடக்கி இருமினதுபோல. ஆறு வயதில் நிமோனியா வந்து பதினொரு நாள் அவள் மடியில் கிடந்து இருமிய இருமல்.

"எலே," என்றாள்.

"அம்மா."

"நீ எங்கலே நிக்க?"

செருப்பு சரளையில் உரசுவது கேட்டது. சுற்றிப் பார்க்கிறான் போலிருந்தது.

"மதிலுக்கு வெளியதான் நிக்கேன்மா," என்றான். "ரோட்டுல."